பாஞ்சாலை கட்டிய பிராது

இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டுத்தான் தர்மராஜ் மேற்கு ஜெர்மனிக்குப் படிக்கப் போனான். அவன் அம்மா பாஞ்சாலை அந்த இரண்டு வருடத்தை மாதமாக எண்ணவில்லை, சூளையாக எண்ணினாள். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அவள் வேலை பார்த்த பட்டறையில் வாரத்துக்கு ஒரு சூளை. பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி, அடிப்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்குவது அவள் வேலை. துடைக்காமல் விட்டால் சூட்டில் கட்டை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பதினோரு வருடத்தில் அவள் கைபட்ட கட்டை ஒன்றுகூட ஒட்டியதில்லை. அப்பேர்ப்பட்ட கவனக்காரிதான் இந்தக் காரியத்தைச் செய்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனாலும் செய்தாள்.

1972 ஆகஸ்டில், தொண்ணூற்றெட்டாவது சூளையைப் பிரித்த அன்று சாயங்காலம் கடிதம் வந்தது. இன்னும் ஆறே சூளை பாக்கி. பத்தாவது படிக்கும் மகள் கனகா வாசலில் நின்றபடியே படித்தாள். செராமிக் இஞ்சினியர் படிப்பில் சேர்த்துக்கொள்வதாக அங்கே வாத்தியார் சொல்லிவிட்டாராம். இன்னும் மூன்று வருடம். விசா செப்டம்பர் முப்பதோடு முடிகிறது, அதை நீட்ட வேண்டும். அந்த ஊர்ச் சட்டப்படி இருபத்தொரு வயது நிறையாதவன் மைனர். அப்பா உயிரோடு இல்லாததால் அம்மாதான் சம்மதக் கையெழுத்துப் போட்டு, ஓர் ஆபீசரிடம் சீல் வாங்கி, அசல் ஃபாரத்தையே அனுப்ப வேண்டும். ஃபாரத்தோடு, தன் விலாசம் எழுதிய சின்னக் கவர் ஒன்றையும் வைத்திருந்தான்.

"அண்ணன் இஞ்சினியராவப் போவுதும்மா" என்றாள் கனகா.

"ஆவட்டும், ஆவட்டும். நல்லதுதானே" என்றாள் பாஞ்சாலை. உள்ளே போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். எதற்குத் திறந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் பட்டறையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள். "ஒம்பாடு யோகந்தான் பாஞ்சால" என்றார்கள். அவளும் சிரித்தாள். திரும்பிப் போய், துடைத்து வைத்த கட்டையையே மறுபடியும் துடைத்தாள். நூற்றி நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தவளிடம் இன்னொரு நூற்றைம்பத்தாறு என்றால் எப்படி இருக்கும்? மூன்று வருடம் கழித்து மட்டும் வருவான் என்று யார் கண்டது? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? புருஷன் நடராசன் போன பிறகு, புள்ளை படித்து மேலே வரணும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள். இப்போது வேண்டாம் என்று சொன்னால், பெற்றவளே புள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டாள் என்று ஆகிவிடும். கையெழுத்துப் போட மனசில்லை, போடாமலிருக்கத் தைரியமில்லை. அப்போதுதான் அவளுக்குக் கொளஞ்சியப்பர் ஞாபகம் வந்தது.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவதென்றால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கோர்ட்டில் கேஸ் போடுகிற மாதிரி. என்ன குறையோ அதைத் தாளில் எழுதி மடித்துக் கொடுத்தால், பூசாரி சாமி காலடியில் வைத்து எடுத்து, வெளியே முனியப்பர் முன்னால் நிற்கும் வேலில் கட்டிவிடுவார். தாளில் என்ன இருக்கிறது என்று பூசாரி பார்க்க மாட்டார், அது சாமிக்கும் எழுதினவருக்கும் மட்டும். மூன்று மாதத்தில் தீர்ப்பு கிடைக்கும் என்று நம்பிக்கை. கிடைத்ததும், இல்லை வேண்டாம் என்று தோன்றினாலும், கட்டினவரே வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

தான் மறுத்தால்தானே பழி, சாமி மறுத்தால் யார் என்ன சொல்ல முடியும்? பாஞ்சாலை போட்ட கணக்கு இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கனகா தண்ணீருக்குப் போன நேரத்தில் எழுத உட்கார்ந்தாள். அஞ்சாம் வகுப்புப் படிப்பு, எழுத்து கொஞ்சம் கோணலாக வரும். சாமிக்குக் கொடுப்பது நல்ல தாளாக இருக்கட்டும் என்று, மகன் கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்த கடைசித் தாளை எடுத்துக்கொண்டாள். மெல்லிசான வெள்ளைச் சீமைத் தாள், ஃபாரமும் அதே மாதிரித் தாள்தான். 'அப்பனே கொளஞ்சியப்பா, என் மவன் தர்மராசுக்கு விசா நீட்டிக் கிடைக்கக் கூடாது. ஏதாவது ஒரு தடங்கல் பண்ணி அவனை வூட்டுக்கு வரவழைச்சிடு. நான் சொன்னேன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்' என்று எழுதி, விரல் அகலத்துக்கு மடித்தாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஃபாரத்தோடு ஜெயராஜ் சாரிடம் போனாள். அவர் செராமிக் சென்டரில் ஆபீசர். ஆறு மாதம் ஜெர்மனியில் பயிற்சிக்குப் போய் வந்தவர், ஃபாரத்தைப் படித்து அர்த்தம் சொன்னார்.

"இதுல கையெழுத்துப் போட்டா மூணு வருசம்மா. நல்லா யோசிச்சிக்கிங்க."

"இதுல யோசிக்க என்னா சார் இருக்குது? படிக்கத்தானே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவர் சீல் குத்தினார். கவர் சின்னது என்பதால் அவரே ஃபாரத்தையும் குறுக்கே நாலைந்து மடிப்பாக மடித்துக் கொடுத்தார். அது அவள் மஞ்சப் பையில், பிராதுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

கோயிலில் கூட்டம். நாலு பேர் பார்க்கத் தாளைப் பிரிக்கவா முடியும்? பைக்குள் கையை விட்டு எடுத்தாள், கொடுத்தாள். கட்டுவதற்கு நூல் இல்லாததால் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஃபியூஸ் கம்பியைக் கொடுத்தாள். பூசாரி அதை வைத்தே வேலில் இறுக்கிக் கட்டினார். சாயங்காலம் தபாலாபீசில், பள்ளிக்கூடம் விட்டு வந்த கனகா பக்கத்திலேயே நின்றாள். அங்கேயும் பிரித்துப் பார்க்க வழியில்லை. பையில் மிச்சமிருந்ததைக் கவரில் சொருகி, ஒட்டி, ரிஜிஸ்தர் செய்தாள். வீட்டுக்கு வரும்போது, ஒரு பக்கம் தாயின் கடமையையும் இன்னொரு பக்கம் தன் ஆசையையும் சாமர்த்தியமாக முடித்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

அதற்குப் பிறகு மூன்று சூளை எரிந்தது. செப்டம்பர் பதினொன்றாம் தேதி பதில் வந்தது. கனகா வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தவள், ரெண்டு வரியிலேயே நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"என்னாம்மா பண்ணி வெச்சிருக்க நீ?"

"ஏன்? என்னா போட்டிருக்கான்?"

"நீயே படி" என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

'அன்புள்ள அம்மாவுக்கு. கவரைப் பிரித்தேன். ஃபாரம் இல்லை. நீ கொளஞ்சியப்பருக்கு எழுதினது இருந்தது. அப்படியானால் ஃபாரம் வேலில் தொங்குகிறது என்று நினைக்கிறேன். முதலில் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. சாமியிடம் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கலாம், நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன். விசா முடிய இன்னும் நாள் இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் ஃபாரத்துக்காகப் பார்ப்பேன். வரவில்லை என்றால் உனக்கு மனசில்லை என்று எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுகிறேன். வாத்தியாரிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு இதில் வருத்தமில்லை. நீ ஃபாரம் அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. தர்மராஜ்.'

எதைத் தன் தலையிலிருந்து இறக்கிச் சாமி தலையில் வைத்தாளோ, அது அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. பாஞ்சாலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி அவள் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், மகன் வந்துவிடுவான். கேட்டது அதைத்தானே? ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து 'எனக்கு இதில் வருத்தமில்லை' என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். சின்ன வயசில் பலகாரத்தைத் தங்கச்சிக்கு விட்டுக் கொடுக்கும்போதும் அவன் இதையேதான் சொல்வான். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

காலையில் கனகாதான் பேச்சை எடுத்தாள். "நீ வாண்டான்னு சொல்லியிருந்தா அண்ணன் அன்னிக்கே பொட்டியக் கட்டியிருக்கும். அது அப்படித்தான்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. தெரிஞ்சிதான் சொல்லல" என்றாள் பாஞ்சாலை.

அன்றைக்கே மணவாளநல்லூர் பஸ்ஸைப் பிடித்தாள். வேலில் நூற்றுக்கணக்கான தாள்கள் தொங்கின. இடையில் பெய்த மழையில் நனைந்து காய்ந்து எல்லாம் ஒரே நிறமாகிக் கிடந்தன. ஃபியூஸ் கம்பி ஒன்றே ஒன்றுதான், அது பளபளவென்று தனியாகத் தெரிந்தது. பாஞ்சாலை கையை நீட்டப் போனாள்.

"இருங்கம்மா" என்றார் பூசாரி. "நீங்களா அவுக்கக் கூடாது. சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் நான் அவுக்கணும். கேட்டது கெடச்சி வாபஸ் வாங்குறீங்களா, இல்ல கேஸே வாணாங்கிறீங்களா?"

தாள் மாறிப்போன கதையைச் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். மகனை வரச் சொல்லி எழுதினேன், அது மாறிப்போச்சு, அதனால் வேண்டாம் என்று. ஆனால் சொல்ல வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அது பொய்யாக இருந்தது. அவள் கேட்டது என்ன, மகன் வீட்டுக்கு வரணும். அவன்தான் வருகிறேன் என்று எழுதிவிட்டானே. சாமி ஒரு தடங்கலும் பண்ணவில்லை, யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அம்மாவுக்கு மனசில்லை என்று தெரிந்ததும் மூன்று வருடப் படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வர அவன் தயாராக நின்றான். இந்த ரெண்டு வருடமும் அவளைப் போட்டு அரித்தது அவன் அங்கே இருப்பதல்ல. நம்மை நினைக்கிறானா, கூப்பிட்டால் வருவானா என்பதுதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கெடச்சிடுச்சிங்க சாமி" என்றாள். "கேட்டது கெடச்சிடுச்சி. வாபஸ் வாங்கிக்கிறேன்."

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுக் கம்பியை அவிழ்த்துக் கொடுத்தார்.

ஃபாரம் ஓரமெல்லாம் மழையில் பழுத்திருந்தது. சீல் நன்றாகத்தான் இருந்தது, அவள் கையெழுத்துதான் மை கரைந்து ஊதாக் கறையாகப் பரவிக் கிடந்தது. ஜெயராஜ் சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா வெச்சிருந்தீங்க இத?"

"சாமிகிட்ட வெச்சிருந்தேன் சார்."

"கையெழுத்துக் கலஞ்சிருக்குது. பக்கத்துலயே இன்னொருக்கா போடுங்க, நானும் இன்னொரு சீல் குத்தித் தரேன்" என்றார்.

பாஞ்சாலை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, நிறுத்தி நிதானமாகப் போட்டாள். போனமுறை போட்ட கை இப்படி ஊன்றவில்லை. தபாலாபீசில் கவரை ஒட்டுவதற்கு முன்னால் மூன்று தடவை பிரித்துப் பார்த்தாள். கனகா சிரித்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நூற்றி நான்காவது சூளை பிரித்த வாரம் மகனிடமிருந்து கடிதம் வந்தது. ஃபாரம் இருபத்தைந்தாம் தேதியே வந்துவிட்டது, விசாவை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள், வகுப்பு ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ஒரு வரி: 'உன் பிராது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. திருப்பி அனுப்பட்டுமா?'

பதில் எழுதக் கனகா பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். "என்னா எழுத?"

பாஞ்சாலை சோற்றை வடித்துக்கொண்டே யோசித்தாள்.

"அனுப்ப வாணாம்னு எழுது. அவங்கிட்டயே இருக்கட்டும். படிப்பு முடிஞ்சதும் அவனே கையோட எடுத்துக்கிட்டு வரட்டும்" என்றாள். "வந்து எங்கிட்ட குடுக்கச் சொல்லு. அப்பதான் அது வாபஸ்."

மறுவாரம் பட்டறையில் அடுத்த சூளையைப் பிரித்தார்கள். கட்டைகளைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்த பாஞ்சாலை, சூளை ஒன்று என்று சொல்லிக்கொண்டாள்.