பதிவில் இல்லாத கைக்கூலி

சனிக்கிழமைகளில் காதியார் முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிப்பது பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பறையில். ஸுல்பிகா சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். கைக்கூலியைத் திருப்பிக் கேட்ட வழக்கில் இது ஆறாவது தவணை. எதிர் வாங்கில் மஹ்ரூப், அவளுக்குத் தலாக் சொல்லி ஒரு வருடமானவன், கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தான்.

காதியார் விவாகப் பதிவை அவள் பக்கம் திருப்பினார்.

"கைக்கூலி எண்ட இடத்துல 'இல்லை' எண்டுதானே கிடக்கு, மகள்?"

கிடந்தது. மாப்பிள்ளைக்கென்று கைக்கூலியாகச் சீதனப் பணம் வாங்கும் வீட்டுக்கு நிக்காஹ் இல்லை என்று பள்ளிவாசல் அறிவித்திருந்த வருடம் அது. வாப்பா முதல்நாள் ஒன்றரை இலட்சத்தைத் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் தாய் றஹ்மத் உம்மாவின் கையில் கொடுத்தார். மறுநாள் சபையில் 'இல்லை' என்று எழுதச் சொன்னார். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்தவருக்கு அது பத்து வருட வெங்காயத் தோட்டக் கூலி. நான்கு மாதங்களுக்கு முன் அவர் மௌத்தாகி அடக்கம் நடந்தபோது, கைக்கூலி கொடுக்காமல் மகளைக் கரைசேர்த்த மனிசன் என்று பள்ளிவாசல் தலைவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஸுல்பிகா உள்ளறையிலிருந்து அதைக் கேட்டாள்.

"இவர்ர உப்பளத்து வேலைச் சேமலாப நிதியில ஒரு பங்கு?" என்றாள்.

"அது அவர்ர பேருல கிடக்கு. அதுல நான் கை வைக்கேலா. பிள்ளைக்கு மாசம் பன்னிரண்டாயிரம் தாறாராம். கைக்கூலிக் கதைய விட்டா இண்டைக்கே முடிச்சிரலாம்."

"உங்கட வாப்பா பொய் எழுதுற மனிசனா?" என்றான் மஹ்ரூப், தலை நிமிராமல். "மௌத்தானவர இதுக்குள்ள இழுக்காதீங்க."

"உங்கட உம்மா ஹயாத்தோட, உசிரோடதானே இருக்கா. காசு வாங்கல்ல எண்டு குர்ஆன்ல கை வச்சுச் சொல்லச் சொல்லுங்க."

அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"அப்ப பன்னிரண்டாயிரமும் இல்ல."

"பிள்ளைச் செலவ நான் தீர்ப்பன், தம்பி. நீங்க பேரம் பேசாதீங்க." காதியார் அவள் பக்கம் திரும்பினார். "மாமிக்கு அழைப்பாணை அனுப்பலாம். ஆனா வாப்பா பொய்யாப் பதிஞ்சார் எண்டு மொதல்ல நீங்க சொல்லணும். பள்ளிவாசலுக்கும் ஒரு பிரதி போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

ஸுல்பிகாவுக்கு யோசித்து யோசித்தே அலுத்துப்போயிருந்தது. மகள் சப்னா படுக்கும் மூலையில் கூரைத் தகரம் போன மாரி மழையிலிருந்தே ஒழுகுகிறது.

"எழுதுங்க. பொய்யாத்தான் பதிஞ்சவர்."

"வாப்பாட பேரு? முழுசா."

"ஹயாத்து முகம்மது." காதியாருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள்.

களப்பு நீர்மேல் வந்த காற்றில் காதியார் எழுதிய தாள் படபடத்தது. மை காயாத எழுத்துகளைத் தொடாமல், ஓரத்தை மட்டும் அவள் உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்திருந்தாள்.