சிபானி நிறுத்தாத இடம்

சிபானியை ஒரு மாடு கொண்டுபோனது. வடக்கே போகும் நெடுஞ்சாலையில், வெயில் இறங்கிய பிறகும் தார் விடாமல் வைத்திருக்கும் சூட்டுக்காகப் படுத்திருந்த கறுத்த மாடு. அவன் வண்டியின் விளக்கில் அது தெரிந்தபோது திருப்ப நேரமில்லை.

"உடம்பு பூரா மாட்டுத்தோலைப் போட்டுக்கிட்டு ஆடினான். அதுங்க இத்தனை வருஷமா மனசுல வெச்சிருந்திருக்கு" என்றான், பிணக்கிடங்கு என்று நாங்கள் கூப்பிடுகிறவன்.

சிபானியின் அடக்கத்துக்குப் போகும் வேனுக்குள் எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சாலையோரத்து மொபானே மரங்களைப் பார்த்துக்கொண்டு போனோம்.

எங்கள் ரசிகர் கூட்டத்தில் பெற்றோர் வைத்த பெயரில் யாரும் இருப்பதில்லை. பிணக்கிடங்கு, தலைநகர் கபரோனேயில் ஒரு பேக்கரியில் கல்யாண கேக்குகளின் மேல் சர்க்கரை ரோஜா செய்கிறவன். நான் பல்பொருள் அங்காடியில் பில் போடுகிறவள். சனிக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் என் பெயர் சம்மட்டி. அன்றைக்குத் தோல் கால்சட்டையும் குஞ்சம் வைத்த தோல் ஜாக்கெட்டும் இடுப்பில் நாய்ச்சங்கிலியுமாக, வெயில் எவ்வளவு கொளுத்தினாலும், வரிசையாக நடந்தே கச்சேரிக்குப் போவோம். பூட்ஸ்கள் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். தெருவில் குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடி, பிறகு திரும்பி வந்து கைகொடுப்பார்கள்.

அந்த நடையின் முடிவில் எப்போதும் சிபானி நின்றான். 'இரும்புக் கொம்பு' என்ற மெட்டல் இசைக்குழுவின் பாடகன். பாடகன் என்று நாங்கள்தான் சொல்வோம். கேட்டவர்கள், கிணற்றுக்குள் விழுந்த சிங்கம் என்பார்கள்.

ஒவ்வொரு கச்சேரியையும் அவன் ஒரே பாட்டில் முடிப்பான். அதற்குத் தலைப்பு இல்லை. நாங்கள் 'கடைசி' என்று சொல்வோம். கிட்டார்கள் ஓய்ந்துவிடும், முரசும் அவன் குரலும் மட்டும். எங்கள் பூட்ஸ்களும் சேர்ந்துகொள்ளும். அதன் வார்த்தைகள் என்ன என்று வருடக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். ஒருத்தன் லத்தீன் என்பான். ஒருத்தி சாத்தானின் சொந்த மொழி என்பாள். அவனை விட்டுப்போன பெண்களின் பெயர்கள் என்று பிணக்கிடங்கு சாதித்தான். சிபானியின் தாய்மொழியான கலங்கா பேசுகிறவர்களும் எங்களில் உண்டு. ஆனால் சிபானி உறுமத் தொடங்கிவிட்டால் எல்லா மொழியும் ஒரே மொழிதான். அவனிடமே கேட்டால், "பாடு, கேக்காத" என்பான். நாங்கள் அந்த ஓசைகளை அப்படியே வயிற்றிலிருந்து எடுத்துப் பாடினோம்.

இப்போது அவனை வடக்கே டுட்டுமே ஊரைத் தாண்டி அவன் அம்மாவின் ஊரில் புதைக்கப்போகிறார்கள். நாளை சூரியன் எழும்போது.

துக்க வீட்டு வாசலில் ஒரு பெண் நிகழ்ச்சித்தாளைக் கையில் கொடுத்தாள். அட்டையில் சிபானி டை கட்டியிருந்தான். யாரோ உறவினர் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி தெரிந்தது. உள்ளே வாழ்க்கை வரலாறு. பிறந்தான், படித்தான், ஞானஸ்நானம் பெற்றான், இரும்புக் கடையில் நேர்மையாக வேலை பார்த்தான். அவ்வளவுதான். கல்லறையில் எல்லோர் முன்னாலும் இதைத்தான் வாசிப்பார்கள். அதோடு மண் மூடும்.

"நம்ம ஆளு இதுல எங்க?" என்றான் பிணக்கிடங்கு. அந்தப் பெரிய உடம்பு கதவு நிலையில் சாய்ந்துகொண்டது. "வேற யாரையோ இல்ல பொதைக்கிறாங்க."

எனக்கும் அதுதான் தோன்றியது. ஒரே ஒரு வரி வேண்டும். அவன் பாடினான் என்று யாராவது ஒருவர் அங்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு அவன் தாய்மாமனைப் பார்க்க வேண்டும். சாவு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

முதோங்கோ மாமா மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில், ஆண்கள் இறைச்சி வேகவைக்கும் அடுப்புகளின் அருகே உட்கார்ந்திருந்தார். மூன்றுகால் இரும்புப் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஆண்களின் அடுப்பு என்பதால் நான் கொஞ்சம் தள்ளியே நின்று, கைகளைத் தட்டி, முழங்காலை மடக்கி வணக்கம் சொன்னேன். இடுப்புச் சங்கிலி கிலுங்கிக் காட்டிக்கொடுத்தது.

"நாய் எங்கம்மா?" என்றார் ஒருவர். வெந்த இறைச்சியை நார்நாராக இடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மாமா, ஒரு வரி போதும். பாடகனா இருந்தான்னு. வாசிக்கிறப்போ சேத்துக்கலாம்."

"அச்சடிச்சாச்சு, பொண்ணே."

"அச்சுல வேணாம். வாயால."

அவர் குச்சியால் தீயைக் கிளறினார். "எங்க அக்கா எந்தச் சபைன்னு தெரியுமா? நாப்பது வீடு இருந்தா அதிகம். பாட்டுப் புத்தகம்கூடக் கிடையாது, எல்லாம் மனப்பாடம். அங்க பாட்டு எடுத்துக்கொடுக்கிறவ அவதான். ஒருநாள் டிவியில இவன் வந்தான். மூஞ்சி பூரா சுண்ணாம்பு, கையில மாட்டு மண்டை. அடுத்த ஞாயித்துக்கிழமை அவளைப் பின்வரிசைல உக்கார வெச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் பின்வரிசைதான். இப்ப அந்தச் சபைதான் வந்து அவனைப் பொதைக்கப்போவுது. அவங்க முன்னால அதைச் சொல்லச் சொல்றியா?"

நான் இடுப்புச் சங்கிலியைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"வரவேணாம்னு சொல்லல. வாங்க. கொம்பு, சங்கிலி, மண்டையோடு ஒண்ணும் வரக்கூடாது. பொம்பளைங்க பாவாடை கட்டி, தலைய மூடி, சால்வை போட்டுக்கணும். ஆம்பளைங்க கோட்டு இல்லாம கல்லறைக்குள்ள வரக்கூடாது. வாயத் தொறக்கக் கூடாது. சத்தம் கேட்டா முள்வேலிக்கு அந்தப் பக்கம்தான்."

"சத்தம் வராது மாமா. நான் பொறுப்பு."

அவர் என் பின்னால் நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, உன் பேரென்ன?"

"பிணக்கிடங்கு" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

இடிப்பது நின்றது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"உங்க அம்மா வெச்ச பேரைக் கேட்டேன்."

"லெட்சோ, மாமா." பிறகு, பொய் சொல்ல மனமில்லாமல், "ஆனா இப்ப அம்மாவும் அப்படித்தான் கூப்புடுது" என்றான்.

இடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. ஆனால் ஒரு தட்டில் இறைச்சி வைத்து அவனிடம் நீட்டினார்.

எங்கள் ஆண்களில் ஒருவனிடமும் சாதாரணக் கோட்டு இல்லை. தோல் ஜாக்கெட்தான். பூத்தையல் மண்டையோடுகளும் ஆணிகளும் குஞ்சங்களும் தெரியாமல் எப்படிப் போடுவது? லெட்சோதான் கண்டுபிடித்தான்: உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். விடியற்காலையில் வரிசையாக நின்றபோது சிவப்பிலும் ஊதாவிலும் பளபளக்கும் பட்டு உள்துணியும், கழுத்துக்குப் பின்னால் துணிக்கடைச் சீட்டுமாக, எல்லோரும் ஏதோ விருந்துக்குக் கிளம்பிய மாப்பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். ஆணிகள் உள்ளே குத்தின. யாரும் முனகவில்லை. துக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டம்மா எனக்குப் பாவாடையும் கட்டம் போட்ட சால்வையும் கொடுத்தாள். பாவாடைக்குக் கீழே பூட்ஸ் தெரிந்தது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

குளிர்காலத்து விடியல். மூச்சு புகையாக வந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும்போது, எல்லோரையும் போல நடக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் கால்கள் தாமாகவே ஒன்றாக விழப் பார்த்தன. நான் திரும்பி முறைத்துக்கொண்டே போனேன்.

துணிப்பந்தலின் கீழ் நாற்காலியில், கம்பளி போர்த்தி, சிபானியின் அம்மா உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. பெட்டி இறங்கியது. வரலாற்றை வாசித்தார்கள். இரும்புக் கடை வந்தது. அதோடு முடிந்தது. நான் சால்வையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டேன். வாசித்தவர் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

ஆண்கள் மண்வெட்டிகளை எடுத்தார்கள். ஒருவர் களைக்கும்போது அடுத்தவர் வாங்கிக்கொள்வார். மேடு எழும்வரை மண்ணும் நிற்காது, பாட்டும் நிற்காது. எங்கள் ஆண்களிடம் யாரும் மண்வெட்டியை நீட்டவில்லை. வெள்ளைக் கழுத்துப்பட்டை போட்ட சபைப் பெண்கள் ஒரு பாட்டை முடித்து, அடுத்ததை முடித்து, மூன்றாவதை எடுத்தார்கள்.

மெதுவான பாட்டு. மெல்லிய, கீச்சென்ற குரல்கள். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. என் கால்கள்தான் முதலில் தெரிந்துகொண்டன. பூட்ஸுக்குள் விரல்கள் அசைந்தன. நீளம், நீளம், குட்டை, நீளம். பிறகு அந்த ஓசைகள். வருடக்கணக்காக நாங்கள் உறுமிய அதே ஓசைகள், அந்தப் பெண்களின் வாயில் கழுவித் துடைத்துச் சுத்தமாக.

லெட்சோ என் கையைப் பிடித்தான். அவன் கண்கள் நிறைந்திருந்தன. "நம்ம பாட்டு! 'கடைசி'யைப் பாடுறாங்க! நமக்குத் தெரியாமப் படிச்சிருக்காங்க!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமா ஒரு வரிக்கு மறுத்துவிட்டு ஒரு முழுப் பாட்டையே ஏற்பாடு செய்திருக்கிறார் என்று அந்த நிமிடம் சத்தியமாக நம்பினேன். கொடுத்த வாக்கு எங்கே போனதோ. முதல் பூட்ஸ் யாருடையது என்று தெரியாது. என்னுடையதாகவும் இருக்கலாம். மணல் தரை அதிர்ந்தது. அடுத்து குரல்கள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல, ஒரே உறுமலாக.

இரண்டாவது அடியின் நடுவில் பெண்கள் பாடுவதை நிறுத்தினார்கள். பயந்து நிறுத்தவில்லை, அந்த இடத்தில் பாட்டு நிற்கும். நாங்கள் நிற்கவில்லை. சிபானி அங்கே நின்றதே இல்லை. எல்லோரும் மௌனமாக இருந்த அந்த இடைவெளிக்குள் எங்கள் குரல் மட்டும் தலைதெறிக்க ஓடியது.

மாமா திரும்பினார். முள்வேலியைக் காட்டி அவர் கை உயர்ந்தது. சபைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் படித்துக்கொண்ட பாட்டு இல்லை இது. இவர்களுடைய பாட்டு. கால் நின்றுவிட்டது. குரலும்.

கம்பளி கீழே விழும் சத்தம் கேட்டது. சிபானியின் அம்மா எழுந்து நின்றிருந்தார். மாமாவின் உயர்ந்த கையை, குழந்தையின் கையைத் தாழ்த்துவதைப் போலத் தாழ்த்தினார். எங்களைப் பார்த்தார். ஒருவர் மாற்றி ஒருவராக, எங்கள் வாய்களை.

பிறகு அவரே பாட்டை எடுத்தார். சபையில் பின்வரிசைக்குப் போன அந்தக் குரல் கொஞ்சம் துருவேறியிருந்தது. ஆனால் பெரியது. சிபானி அந்தத் தொண்டையை எங்கிருந்து வாங்கினான் என்று கேட்கவே வேண்டாம். முதல் அடி. இரண்டாவது அடி. பெண்கள் மூச்சை இழுத்து அந்த இடத்தில் நிற்கத் தயாரானார்கள். அவர் நிற்கவில்லை. நேராக உள்ளே போனார், தலைதெறிக்க, எங்களைப் போலவே.

நாங்கள் பின்னால் ஓடினோம். கொஞ்ச நேரம் கழித்து, வழியில்லாமல், சபைப் பெண்களும்.

இறைச்சி இடித்த கிழவர் லெட்சோவின் கையில் மண்வெட்டியைத் திணித்தார். பளபளக்கும் உள்துணியில் தூசி படிய, எங்கள் ஆண்கள் மாற்றி மாற்றி மண் தள்ளினார்கள். பாட்டு எத்தனை முறை சுற்றி வந்தது என்று எனக்குத் தெரியாது. மேடு எழுந்தது.

கடைசியில் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல மாமா முன்னால் வந்தார். சபைக்கு நன்றி. ஊர்த் தலைவருக்கு நன்றி. இரும்புக் கடை முதலாளிக்கு நன்றி. அவர் நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா தொண்டையைச் செருமினார். "என் மருமகன் ஒரு பாடகன். அவன் பாட்டுக்காரங்க கபரோனேலேருந்து வந்திருக்காங்க. அவங்களுக்கும் நன்றி."

லெட்சோ மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதான்.

திரும்பி வரும் எல்லோரும் வீட்டு வாசலில் வைத்திருந்த தொட்டியில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் கழுவும்போது சிபானியின் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீர் ஐஸாக இருந்தது.

"அந்தப் பாட்டு எங்க அம்மா கட்டினது" என்றார். "அதுல, வெளியில நிக்கிறவன் கதவைத் தட்டுறான். தட்டிட்டு நிக்கணும். உள்ளேருந்து வான்னு சொல்ற வரைக்கும் அங்க ஒரு மூச்சு காத்திருக்கணும். இவனுக்கு அஞ்சு வயசுலேருந்து சொல்லிக்கொடுத்தேன். ஒருநாளும் நின்னதில்ல. தட்டும்போதே உள்ள வந்துடுவான்."

"கடைசி வரைக்கும் நிக்கல அம்மா. எந்த ஊர்ல பாடினாலும் அதைப் பாடித்தான் முடிப்பான்."

"எல்லா ஊர்லயுமா?"

"எல்லா ஊர்லயும்."

அவர் ஈரக் கையை உதறினார். முற்றத்தில் சபைப் பெண்கள் இஞ்சிப் பானம் ஊற்றிக்கொண்டே எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவும் அவர்களைப் பார்த்தார். பிறகு லெட்சோவின் முதுகில் துருத்திக்கொண்டிருந்த துணிக்கடைச் சீட்டைப் பிடித்து இழுத்தார்.

"இதென்ன கோலம்? அதைத் திருப்பிப் போடுடா. என் பையனோட ஆளுங்க எப்படி இருப்பாங்கன்னு அவங்களும் பாக்கட்டும்."

லெட்சோவின் கண்கள் மாமாவைத் தேடின. அவர் அடுப்புப் பக்கம் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி உதறினார்கள். ஆணிகள் வெயிலில் மின்னின, குஞ்சங்கள் விழுந்து ஆடின. நான் பையிலிருந்து சங்கிலியை எடுத்துப் பாவாடைக்கு மேலேயே கட்டிக்கொண்டேன்.