ஹெட் ஆபீஸ் யாரைப் பார்த்து ஓடும்?

காலத்தை வெல்ல மனிதகுலம் எடுத்த முயற்சிகளில் ஆகப் பெரியது, சென்ற ஆவணியில் திருப்பதியில், ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கம்பெனியில் தொடங்கியது. பதினோரு மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். கரண்ட் போய்விட்டதால் பன்னிரண்டேகால்.

நெட்வொர்க்கில் கோத்த இயந்திரங்களின் கடிகாரங்கள் ஒரே வேகத்தில் துடிக்காவிட்டால் செல்போன் டவர்கள் தடுமாறும். அந்த வேகத்தை ஒன்றாக்கும் வசதியை, உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் ஓர் இயங்குதளத்தில் சேர்க்க நிரல் எழுதியிருந்தாள் பிரித்திகா. தினமும் திருத்தணியிலிருந்து ரயிலில் வருபவள். மாத முடிவுக்குள் இயங்குதளத்தின் மேற்பார்வையாளர்கள் அதை ஏற்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ரயில் பாஸ் எடுக்க வேண்டாம் என்று மேலாளர் கோகுலகிருஷ்ணன் லட்டு கொடுத்தபடியே சொல்லியிருந்தார்.

சோதனைக்கு அப்படிப்பட்ட இயந்திரப் பெட்டிகள் இரண்டு, திருப்பதியில் ஒன்று, சித்தூரில் ஒன்று. செயற்கைக்கோளைக் கேட்டு வேகம் பிடிக்கும் ஆண்டெனா சித்தூர் கிளையின் மொட்டைமாடியில் இருந்தது. ஆகவே சித்தூர்ப் பெட்டி ஆண்டெனாவைப் பார்த்து ஓடும்; திருப்பதிப் பெட்டி சித்தூரைப் பார்த்து ஓடும். அப்படித்தான் பிரித்திகா எழுதிக் கொடுத்தாள்.

கோகுலகிருஷ்ணன் பெட்டிக்குக் குங்குமம் வைத்தார். "இனிமே உலகமே நம்ம டிக் டிக்குக்குத்தாம்மா நடக்கும்."

மூன்று நாள் கழித்துப் பார்த்தால், இரண்டு கடிகாரங்களுக்கும் வித்தியாசம் பூஜ்யம். அவரே மேற்பார்வையாளர்களுக்கு மெயில் அனுப்பினார், மாலை போட்ட பெட்டியின் படத்தோடு. ஒரு வரியில் பதில் வந்தது: 'இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, சரி. உலகத்தோடு?'

பிரித்திகா பார்த்தாள். இரண்டும் சேர்ந்தே ஒன்றேகால் விநாடி பின்தங்கியிருந்தன. சித்தூர் கிளையைப் பார்த்துக்கொள்ளும் குணாவைக் கூப்பிட்டாள்.

"குணா, உன் பெட்டி எதைப் பாத்து ஓடுது?"

"திருப்பதியத்தாங்க்கா."

"ஆண்டெனா?"

"அது சும்மா வெயில் காஞ்சிகினு கீது. சார் மொத நாளே போன் பண்ணாரு. ஹெட் ஆபீஸு போயி பிராஞ்சு பின்னாடி நடந்துகினு வரணுமான்னு ஒரே கோவம். மாத்திட்டேன்."

"அடப்பாவி! நான் உன்னைப் பாத்துகினு கீறேன், நீ என்னைப் பாத்துகினு கீறே!"

"அதாங்க்கா, நமக்குள்ள சண்டையே வரல."

கோகுலகிருஷ்ணன் அசரவில்லை. "ஒன்றேகால் செகண்டு! புத்தலப்பட்டு பஸ்ஸுக்கு இதெல்லாம் ஒரு லேட்டாம்மா? வெளிய சொல்லாத."

"பஸ்ஸுக்கு இல்ல சார். என் வேலைக்கு லேட்டு."

அவள் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள். இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று பார்த்து ஓடினால் எச்சரிக்கும் பத்து வரி நிரலையும் சேர்த்தாள். ஆண்டெனாவை மாட்டி மறுபடி மூன்று நாள் ஓட்டினாள். மாதத்தின் கடைசி நாள், எல்லாம் ஏற்கப்பட்டது. அந்தப் பத்து வரியைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள்.

நிரலுக்குக் கீழே எழுதியவர், சோதித்தவர் என்று ஒவ்வொருவர் பெயரையும் போடுவது அங்கே வழக்கம். பிரித்திகா யாரையும் விடவில்லை. அவளுடைய பணி நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்ட கையோடு, உலக ஆவணத்தில் தன் பெயர் வந்த வரியைப் பெரிதாக அச்சடித்து, வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார் கோகுலகிருஷ்ணன்.

சட்டம் சிறியது. பெயருக்கு மேலிருந்த வரி வெட்டுப்பட்டுவிட்டது. அதில் 'பிழையை உண்டாக்கிக் காட்டியவர்' என்று இருந்தது.