நாலு சிவப்பு, ஒரு நீலம்

மூத்தவருக்கு வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். கப்பல் கம்பெனி ஏஜெண்டு மூத்தவரின் தறியைத் தாண்டிப் போய், சகலையின் பூக்கட்டத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒண்ணு மாதிரிக்கு வேணும், கப்பல்ல அனுப்பணும். நாளைக்கு ஆள் வருவான்."

அக்காவைக் கட்டியவர் மூத்தவர். தங்கையைக் கட்டியவன் சகலை. ஒரே வீட்டில், சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தறி, இந்தப்பக்கம் ஒரு தறி. யார் கை உசத்தி என்று மூத்தவர் மட்டும்தான் சதா பார்த்துக்கொண்டிருந்தார். துணி கடல் தாண்டினால் ஆர்டர் வந்து கொட்டுமே! அது இவனுக்கா? எப்படித்தான் மனசு ஆறும்?

மறுநாள் சகலை நூல் வாங்கப் போன நேரத்தில் ஆள் வந்தான். மூத்தவர் தன்னுடைய பட்டைக்கட்டத் துணியை எடுத்துக் கொடுத்தார். சகலையின் துணி அவருடைய பெட்டிக்கு அடியில் போனது.

"உன் துணியக் கொண்டு போயிட்டாங்க தம்பி" என்றார், கூசாமல்.

கொடுத்த துணியிலும் ஒரு தில்லுமுல்லு. கரையில் ஐந்து இழையும் சிவப்பாக ஓட வேண்டும். நீளவாக்கில் பாவு நூல் போடும்போது சிவப்பு தீர்ந்துபோக, யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நீலத்தைச் சேர்த்திருந்தார்.

ஒரு வருஷம் காத்திருந்தார். கப்பல் வந்தது. ஆர்டர் வரவில்லை, சீமை மில் துணி மூட்டை மூட்டையாக இறங்கியது.

"உங்க சரக்கு இனிமே வேணாங்க" என்றார் வழக்கமாகத் துணி எடுக்கும் கடைக்காரர். "அதே கட்டம் பாதி விலைக்கு வருது."

மூத்தவர் அந்த மில் துணியின் கரையைப் புரட்டினார். நாலு சிவப்பு, ஒரு நீலம். அடுத்த துணியிலும் அப்படியே. மில்காரன் அவருடைய தப்பைக்கூடத் தப்பாமல் நெய்திருந்தான்.

பூக்கட்டம் மில்லுக்குப் போகவே இல்லையே, அதனால் கேட்டு வந்தவர்களெல்லாம் சகலையிடம் வந்தார்கள். மூத்தவரின் தறி சும்மா கிடந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம் ஓயவில்லை. கேட்கக் கேட்க வயிறு எரிந்தது, யாரைத் திட்டுவது?

சகலையும் சந்தையில் ஒரு பட்டைக்கட்ட மில் துண்டு வாங்கிவந்தான். கரையை வெகுநேரம் பார்த்தான். மறுநாள் காலை நூல் கட்டோடு வந்து நின்றான்.

"ஆர்டர் தாங்கல அண்ணே. பாதிய நீங்க நெய்ங்களேன்."

வீட்டில் உலை வைக்க வேண்டுமே. மூத்தவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். சகலை வாசல்வரை போய்த் திரும்பினான்.

"கரைக்கு அஞ்சும் சிவப்பு, அண்ணே. நூல் பத்தலைன்னா என்கிட்ட கேளுங்க."