ஜொங்மானின் நினைவில் இல்லாத காலை

பொங் கிசோல் செத்துப்போன அந்தக் கால்மணி நேரத்தின் நினைவு, அவரைக் கொன்ற பியோ ஜொங்மானிடம் தங்காமல், செத்தவரின் மனைவி தாக் சுன்ரேயிடம் வந்து சேர்ந்தது. கணவாய் மீன் பருவம் தொடங்கிய வாரத்தில் வந்தது. அந்த வருஷம் கணவாய் கொட்டிக் கிடந்து விலை படுத்துவிட்டதும், புதிய அலைதடுப்புச் சுவருக்குக் கல் கொட்டத் தொடங்கியதும் ஹூபோ துறைமுகத்தில் அதே வாரத்துச் செய்திகள்தான்.

கிசோலும் ஜொங்மானும் ஒரே படகில் போனவர்கள். ராத்திரியெல்லாம் விளக்கு கட்டிக் கணவாய் பிடித்துவிட்டு, விடிந்ததும் கரையேறி, சரக்கை இறக்கிப் போட்டு, ஐஸ் பேக்டரியின் பின்புறம் உட்கார்ந்து சோஜு சாராயம் குடிப்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் சாயங்காலம் குடிப்பதைத்தான் அவர்கள் காலையில் குடித்தார்கள். யாரும் தப்பாக நினைத்ததில்லை. ஜொங்மான் வயதில் இளையவன், கிசோலை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் ஐஸ் வாங்க வந்த பெண்கள் பார்த்தபோது, ஈரச் சிமெண்டுத் தரையில் மண்டை உடைந்து கிசோல் கிடந்தார். அவர் காலையே தலையணையாக வைத்து ஜொங்மான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பியதும், அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். அங்கே இருந்தவர்களிலேயே அதிகம் அழுதவன் அவன்தான். டாக்டரைக் கூட்டிவர ஓடினான். சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஓடியவனைப் பாதி வழியில் போலீஸ் பிடித்தது.

நீதிமன்றத்தில் எந்தக் கேள்விக்கும் அவன் நினைவில்லை என்றே சொன்னான். அது பொய்யில்லை என்று அரசு வக்கீலே நம்பினார். நீதிபதி பொறுமையான மனிதர். குற்றம் நடந்த வேளையில் மதுவால் இவன் மனம் பலவீனப்பட்டிருந்தது, நல்லது கெட்டது பிரித்தறியும் நிலையில் இல்லை, அதனால் சட்டப்படி தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று வாசித்துப் பாதியாகக் குறைத்தார். துறைமுகத்துக்கு இது புதிதில்லை. உடைந்த கண்ணாடிக்கும் உடைந்த தாடைக்கும் அங்கே எத்தனையோ ஆண்கள் இதே வாசல் வழியாக வெளியே வந்தவர்கள். அவன் குடித்திருந்தான் என்பதை, அன்றைக்கு மழை பெய்தது என்பதுபோலத்தான் சொல்வார்கள். யாரும் கேட்காமலே சுன்ரே எழுந்து நின்றாள்.

"அவன் மனசு அப்போ அங்க இல்லேன்னா, வேற எங்கதான் இருந்துச்சு ஐயா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அதை இந்த நீதிமன்றத்தால் சொல்ல முடியாதம்மா என்றார். குரலில் கோபமே இல்லை. சேவகர் வந்து அவளை உட்காரவைத்தார்.

மறுபருவத்தில், கணவாயைக் கீறிக் கொடியில் காயப்போடும் களத்தில் அவள் உட்கார்ந்திருந்தபோது, வாயில் சோஜு ருசித்தது. திவசப் படையலில் உதட்டை நனைப்பதைத் தவிர அவள் சோஜுவைத் தொட்டதில்லை. காது மடல் சுட்டது, தரை சாய்ந்தது, கத்தி நழுவியது. பக்கத்தில் கீறிக்கொண்டிருந்த கும்னிம் அவள் முகத்தருகே வந்து மோந்து பார்த்தாள்.

"என்னடி, காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்துட்டியா? எனக்கும் கொஞ்சம் வெச்சிருக்கக் கூடாதா?"

சுன்ரேக்கு அது கேட்கவில்லை. அவள் ஈரச் சிமெண்டுத் தரையையும் நீல பிளாஸ்டிக் பேசினையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசினுக்குப் பக்கத்தில் குனிந்திருந்த தன் புருஷனின் உச்சந்தலை தெரிந்தது, காசளவு வழுக்கையோடு. அந்த வழுக்கையை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அவள் அவர் தோளுக்குத்தான் வருவாள். படகிலேயே உயரமானவன் ஜொங்மான். யார் கண்ணால் பார்க்கிறோம் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு காலைதோறும் துண்டு துண்டாக வந்தது, முன்னும் பின்னுமாக. சுகாதார நிலையத்து டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மது ஒரு சொட்டும் இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவள் தள்ளாடிக்கொண்டிருந்தாள். அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வழக்கில் கிடைக்காமலே போன ஒரு பொருள், கிசோலைக் கொன்ற ஆயுதமான, ஐஸ்கட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி. அது படகுத்துறைக்குக் கீழே பாறை இடுக்கில் விழுந்ததை அந்த நினைவில் கண்டதும், சுன்ரே நேராகப் போலீஸ்காரர் மெங்கிடம் போய்ச் சொன்னாள். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண் ஒருத்தி இறங்கி, சொன்ன இடத்திலேயே எடுத்துக் கொடுத்தாள். வழக்கு முடிந்துபோனதால் அது யாருக்கும் பயன்படவில்லை. ஆனால் சொல்லிவிட்டு வீடு திரும்பிய சுன்ரே யோசித்துப் பார்த்தால், கொக்கி எறிந்த நினைவுத் துண்டு தன்னிடம் இல்லை. அது மெங்கிடம் போய்விட்டிருந்தது. மறுநாளிலிருந்து அவருக்கு வலது கை கனத்தது, டியூட்டியில் வாய் நாறியது. கடலே இல்லாத ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போனார். அங்கேயும் அந்தக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருப்பதாகக் கேள்வி.

சொன்னால் போய்விடும் என்று தெரிந்ததும் சுன்ரே வாயை மூடிக்கொண்டாள். ஊரும் அவளை அப்படியே ஏற்றுக்கொண்டது. முந்தைய நாள் குடித்து மறந்த ஆண்கள் சிலர் களத்துக்கே வந்து, என்னுடையதும் உன்னிடம் வந்திருக்கிறதா, செருப்பை எங்கே விட்டேன் பார்த்துச் சொல் என்று கேட்டார்கள். கீறுவதை நிறுத்தாமலே அவள் பதில் சொன்னாள்.

"உன்னோடது எங்கிட்ட எதுக்கு வருது? உன் பொண்டாட்டிகிட்ட இருக்கும். போய்க் கேளு."

சிலர் போய்க் கேட்டார்கள். அவர்கள் மறுபடி களத்துப் பக்கம் வரவில்லை. அந்த மாதம் சோஜு விற்பனை கொஞ்சம் குறைந்தது. அடுத்த மாதம் பழையபடி ஆகிவிட்டது.

அவள் ஏன் அதை வைத்துக்கொண்டிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கிசோலின் படம் என்று வீட்டில் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான். அதில் அவர் கடன்காரனைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருப்பார். அந்தக் கால்மணி நேரத்தில் அவர் உயிரோடு இருந்தார். கணவாயின் தோலைப் பல்லால் இழுத்து உரித்தார், ஈறு தெரியச் சிரித்தார். ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் தன் மனைவியைப் பற்றிப் பேசுவதை எந்த மனைவியும் கேட்பதில்லை, சுன்ரே கேட்டாள். எங்க வீட்டுக்காரி முள்ளங்கி சூப் வெச்சா எதிர்வீட்டு நாய்கூட வந்து வாசல்ல நிக்கும் என்றார் அவர். வீட்டில் ஒருநாளும் அந்த சூப்பை நன்றாக இருக்கிறது என்று சொன்னவரில்லை. அதன் பிறகு பாட்டிலைப் பிடுங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். போதும்டா ஜொங்மானா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்றார். அவ்வளவுதான் சண்டை. அதன் பிறகு கை உயர்ந்தது. களத்தில் உட்கார்ந்திருந்த சுன்ரேயின் கையும் உயர்ந்தது. அவரைப் பார்ப்பதற்காக அவள் தினமும் காலையில் அவரைக் கொன்றாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். தேகு நகரத்தில் இருந்த தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பிள்ளைகள் இல்லை. அந்தக் காலையைத் தவிர அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

ஜொங்மான் சிறையிலிருந்து வந்தபோது அவன் அம்மா செத்துப்போயிருந்தாள். படகில் ஏறாமல், குடிக்காமல், ஐஸ் பேக்டரிக்கு எதிரே ஒரு அறை எடுத்து, கிழிந்த வலைகளைப் பொத்தும் வேலை பார்த்தான். குடிதானே பண்ணியது, நீயா பண்ணினாய் என்று ஊர் அவனுக்குக் கிம்ச்சி ஊறுகாய் கொடுத்தது. கிசோலின் திவசத்தன்று சுன்ரேயின் வாசலில் வந்து மண்டியிட்டான். அவள் படையல் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எல்லாரும் சொல்றாங்க, நான்தான் பண்ணேன்னு. நானும் நம்புறேன். எங்க அம்மா வயித்துல பொறந்தேன்னு நம்புறேனே, அந்த மாதிரி. ஆனா எனக்குத் தெரியல. என்னோடதை எங்கிட்டக் குடுத்துடுங்க."

"குடுத்தா அவரும் உங்கூட வந்துடுவாருடா," என்றாள் சுன்ரே. "எந்திரிச்சுப் போ."

அவன் போனான். மறுவருஷமும் வந்தான், அதற்கு மறுவருஷமும் வந்தான். ஒருமுறை வரும்போதே முகம் வெளிறியிருந்தது. தனக்கு நன்றாகத் தூக்கம் வருவதாகவும், பசிப்பதாகவும், நேற்று யாரோ சொன்ன நகைச்சுவைக்கு வயிறு வலிக்கச் சிரித்ததாகவும் சொன்னான். அதுதான் பயமாக இருக்கிறது என்றான். அதன் பிறகு வரவில்லை. கடை வைத்திருந்த விதவை ஒருத்தி அவனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள் என்று களத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வசந்தத்தில் சுன்ரே ஐஸ் வாங்கப் போனாள். ஜொங்மான் வலைக்குவியலின் மேல் வெயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னம் சதை போட்டு, புருவத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல், பால் குடித்துவிட்டுத் தூங்கும் பிள்ளைபோல இருந்தான். அவள் ஐஸ் கரையும்வரை நின்று பார்த்தாள். அவன்மேல் இரக்கம் வந்தது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அப்படி எதுவும் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, காலால் அவனை உதைத்து எழுப்பினாள்.

"வாடா. வந்து வாங்கிக்கோ."

களத்தில், காய்ந்துகொண்டிருந்த கணவாய்களுக்கு நடுவே அவனை உட்காரவைத்துச் சொன்னாள். நீல பேசினிலிருந்து தொடங்கினாள். உச்சந்தலை, தோல் உரித்தது, சிரிப்பு, முள்ளங்கி சூப் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் வாயிலிருந்த சோஜு நெடி மெலிந்தது. அவனுக்குக் காது சிவந்தது. சூப் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, கொடியில் இருந்த ஒரு கணவாயைத் திருப்பிப் போட்டாள். பிறகு அதையும் கொடுத்தாள். கை உயர்ந்ததைச் சொன்னபோது ஜொங்மானின் கை தானாக உயர்ந்து, காற்றில் நின்று, இறங்கியது. அவன் கத்தவில்லை. வாந்தி எடுத்தான். நன்றி என்று சொல்ல முயன்று, நாக்குக் குழறி, தவழ்ந்தே வெளியே போனான்.

மறுநாள் அவன் போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தன்னை மறுபடி விசாரிக்கச் சொன்னான். அன்றைக்கு மனம் இல்லை என்று பாதி தண்டனையை எடுத்துவிட்டீர்கள், இப்போது மனம் வந்துவிட்டது, அந்த மீதியைக் கொடுங்கள் என்றான். ஒரு குற்றத்துக்கு இருமுறை விசாரணை கிடையாது என்று அங்கே இருந்த இளம் காவலர் மரியாதையாக விளக்கி, பார்லித் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். கடைக்கார விதவையிடம் போய்த் தன்னை விட்டுவிடச் சொன்னான். அவளும் காரணம் கேட்கவில்லை.

சுன்ரேயின் காலைகள் காலியாகிவிட்டன. தரை சாயவில்லை, கத்தி நழுவவில்லை. முள்ளங்கி சூப்பைப் பற்றி அவர் ஏதோ சொன்னார் என்பது மட்டும் தெரிந்தது. என்ன சொன்னார் என்பது இல்லை. வீட்டில் அடையாள அட்டைப் படம் முறைத்துக்கொண்டிருந்தது. மழைக்காலம் முழுக்க அதோடு இருந்து பார்த்தாள். பிறகு ஒரு காலையில் ஐஸ் பேக்டரிக்கு எதிரே போய், ஜொங்மான் பொத்திக்கொண்டிருந்த வலையின் மறுமுனையை எடுத்து மடியில் போட்டு உட்கார்ந்தாள். அவன் சொட்டுக் குடிக்காமலே ஆடிக்கொண்டிருந்தான். கண் எங்கோ இருந்தது. சூப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்ல வேண்டிவரும், சொன்னால் அது மறுபடி அவளிடம் வந்துவிடும். அது அவனிடம்தான் இருக்க வேண்டும்.

"இருக்காரா?" என்றாள்.

"இருக்காரு."

"சிரிக்கிறாரா?"

"இப்போ சிரிக்கிறாரு."

அவள் ஊசியில் நூல் கோத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் கை உயர்ந்தது. அது இறங்கும்வரை அவள் ஊசியை நிறுத்திவைத்தாள். பிறகு வேலையைத் தொடர்ந்தார்கள். அதன் பிறகு மழை இல்லாத காலைகளில் எல்லாம் அவர்களை அங்கே பார்க்கலாம்; கிழிந்த வலை இருப்பவர்கள் அவர்களிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.