முத்துராஜா வயலில் நின்ற சதுரம்

மார்க்கையன்கோட்டைக்குக் கிழக்கே முத்துராஜாவின் வயலில் அறுவடை முடிந்த பிறகும் நெல் நின்றது. வயல் முழுக்க இல்லை. நட்ட நடுவில், ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். மற்றதையெல்லாம் அறுப்பு மிஷின் வழித்துக்கொண்டு போயிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால், மொட்டையடிக்க உட்கார்ந்த ஒருவர் பாதியில் மனம் மாறி எழுந்து வந்த மாதிரி இருந்தது.

அந்தக் குடுமி அரசாங்கத்துடையது. எந்த அரசாங்கத்துடையது என்பதில்தான் கொஞ்சம் பேச்சு இருந்தது.

நாட்டில் எவ்வளவு நெல் விளைந்தது என்று அறிய எல்லா வயலையும் எடை போட முடியாது. அதனால் குலுக்கலில் சில வயல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சதுரத்தை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து, மிச்சத்தைப் பெருக்கிக்கொள்கிறார்கள். அறுப்பது மாநில அரசின் வேலை. ஒழுங்காக அறுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது மத்திய அரசின் வேலை. ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள நம்பிக்கையின் அடிப்படையில் இப்படிப் பிரித்திருக்கிறார்கள்.

மாநிலத்தின் சார்பில் வந்தவர் யுவராணி, புள்ளியியல் ஆய்வாளர். எண் அட்டவணையைப் பார்த்து, வயலின் மூலையிலிருந்து நடந்து, அட்டவணை நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, நான்கு முளை அடித்து மஞ்சள் நைலான் கயிறு கட்டினார். மத்திய அரசின் சார்பில் வரவேண்டியவர் ஜோஷ்வா. ராயப்பன்பட்டிக்காரர், அவர் வீட்டிலிருந்து வயலுக்கு பைக்கில் வந்துவிடலாம். ஆனால் அந்த வாரம் அவரை மேகமலைக்கு அனுப்பியிருந்தார்கள், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மாதத்துக்கு எத்தனை சோப்பு வாங்குகிறார்கள் என்று கேட்டு வர.

"சுத்தி அறுத்துக்கங்கண்ணே. கயித்துக்குள்ள மட்டும் கை வைக்காதீக. அவரு வந்து நின்னாத்தான் நான் அறுக்க முடியும்" என்று சொல்லிவிட்டு யுவராணி போனார்.

முத்துராஜா அதற்கு ஒத்துக்கொண்டார். மிஷினைக் காக்க வைக்க முடியாது. அடுத்து கூடலூரில் அதற்கு வேலை இருந்தது. அவருடைய கவலை வேறு. இரண்டாம் போகத்துக்கு விட்ட நாற்று தயாராக நின்றது. இன்னும் தள்ளினால் முற்றிப்போகும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது, ஒன்று பலவாய்க் கிளைக்காது. மூக்கம்மாளின் நடவு ஆட்களை வியாழக்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்தார். வியாழனை விட்டால் மூக்கம்மாள் சின்னமனூர்ப் பக்கம் போய்விடுவாள், பிறகு பிடிக்க முடியாது. அதற்குள் வயலுக்குத் தண்ணீர் கட்டிச் சேறாகத் தொளி உழுதாக வேண்டும். சதுரத்தைச் சுற்றிச் சின்னதாக ஒரு வரப்பு போட்டு மற்றதை உழுதுவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தார்.

அந்த வட்டாரத்தில் நெல் நிற்கும் இடம் இது ஒன்றுதான் என்று மயில்களுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. அவற்றுக்கு எந்த அட்டவணையும் தேவைப்படவில்லை.

முத்துராஜா யுவராணிக்கு போன் போட்டார். அறுப்பது தன் பொறுப்பு, மேற்பார்வை அவர்கள் பொறுப்பு, அறுப்புக்கு முந்தைய காவல் கையேட்டில் யார் பொறுப்பிலும் இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அடுத்து ஜோஷ்வாவுக்குப் போட்டார். மேகமலையில் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையின் மேல் நின்றுகொண்டு ஜோஷ்வா பொறுமையாக விளக்கினார். விவசாயம் மாநிலப் பட்டியலில் வருகிறது. காட்டு உயிர்கள் பொதுப் பட்டியல். மயில் தேசியப் பறவை. அதன் மேல் தன்னால் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது.

போனை வைத்துவிட்டு முத்துராஜா தன் மனைவி ராஜாத்தியிடம் விஷயத்தைச் சுருக்கிச் சொன்னார்.

"மத்திய அரசு மயிலு மாநில அரசு நெல்லைத் திங்குது. வயலு மட்டுந்தான் நம்மது."

ராஜாத்தி பெட்டியைத் திறந்து பழைய சேலைகளை எடுத்தாள். காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் எல்லாரும் செய்வதுதான். தோட்டத்தைச் சுற்றிச் சேலை கட்டினால் அது வேலி. ஆனால் அறுத்த வயலின் நடுவில், மஞ்சள் கயிற்றுக்கு வெளியே, நாலு பக்கமும் சேலை கட்டி, வழிப்பக்கம் பார்க்க சரிகை போட்ட சிவப்புச் சேலையாக வைத்தால், அது பார்ப்பதற்கு வேறு மாதிரி இருக்கும். இது ராஜாத்திக்குத் தோன்றவில்லை. மயில்களுக்குத் தோன்றியிருக்கலாம், அவை வரவில்லை.

மறுநாள் காலையில் முளை ஒன்றின் மேல் எலுமிச்சம்பழம் இருந்தது. மதியத்துக்குள் வேப்பிலையும் வந்தது. சாயங்காலம் அந்த வழியாகப் போன மூக்கம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பைக் கடந்தாள். எந்தச் சாமி என்று ராஜாத்தியைக் கேட்டாள். சாமியெல்லாம் இல்லை, சர்க்கார் விட்டிருக்கிறது என்றாள் ராஜாத்தி. மூக்கம்மாள் சேலை இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"சர்க்காரு விட்டதுன்னா இந்நேரம் எவனாச்சும் அறுத்துட்டுப் போயிருப்பான் ஆத்தா. இது வேற."

மூக்கம்மாள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முத்துராஜாவாலும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை டிராக்டர் வந்தது. ஓட்டுபவன் சூரியபிரகாஷ், ராஜாத்திக்கு அண்ணன் மகன். வரப்பில் வண்டியை நிறுத்தி, சேலையையும் வேப்பிலையையும், யாரோ கொளுத்திய சூடம் கருகிய இடத்தையும் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தான்.

"வயலுக்குள்ள எறங்க மாட்டேன் மாமா. புது ரொட்டவேட்டரு, இப்பத்தான் மாட்டுனேன்."

"ஏலே, அது வெறும் நெல்லுடா."

"இருக்கட்டும். யாரு கட்டுனாகளோ அவுக வந்து அவுக்கட்டும். பெறகு உழுவுறேன்."

முத்துராஜா சத்தம் போட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். வேறு இரண்டு டிராக்டர்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர்களுக்கும் செய்தி முன்பே போயிருந்தது. நாற்றங்காலைப் பார்த்தார். நாற்று அவர் முழங்காலை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் இரண்டு அரசாங்கத்துக்கும் போன் போட்டு, புதன்கிழமை வராவிட்டால் தன் இரண்டாம் போகம் போச்சு என்று ஒரே குரலில் சொன்னார். இரண்டும் அதைக் குறித்துக்கொண்டன.

புதன்கிழமை மதியத்துக்கு முன்பே இருவரும் வந்துவிட்டார்கள். ஜோஷ்வா மேகமலையிலிருந்து நேராக இறங்கியிருந்தார். பை நிறைய சோப்பு விவரங்கள். வரப்பு முழுக்க ஆட்கள் நின்றார்கள். வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் யுவராணி தன் செருப்பையும் கழற்றினார். அதைப் பார்த்த ஜோஷ்வா, மாநில அரசுக்கு மட்டும் தெரிந்த ஏதோ புதிய சுற்றறிக்கை வந்திருக்கிறது என்று நினைத்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார்.

மூக்கம்மாள் முன்னால் வந்து, இரண்டு பேரில் யார் பெரியவர் என்று கேட்டாள். யுவராணி நிதானமாக விளக்கினார். யாரும் பெரியவர் இல்லை. அறுத்து எடை போடுவது தான், சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது சார், கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஒன்று சென்னைக்கும் ஒன்று டெல்லிக்கும் போகும். இதே விளக்கத்தை அவர் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். முதல் தடவையிலேயே யாருக்கும் புரிந்ததில்லை.

"அப்ப நீங்க பூசாரி" என்றாள் மூக்கம்மாள். "அவுக தக்காரு. உண்டியல் எண்ணும்போது வந்து பக்கத்துல நிப்பாகள்ல, அது மாதிரி."

ஜோஷ்வா மறுக்க வாயெடுத்தார். மறுப்பதற்கு எதுவும் கிடைக்காமல், "ஏறக்குறைய" என்றார்.

"அப்ப நானு?" என்றார் முத்துராஜா.

"நீ உபயதாரரு. செலவு உன்னுது, பேரு சாமிக்கு."

சூடம் காட்டாமல் அறுக்கக்கூடாது என்று வரப்பு மொத்தமும் சொன்னது. ஜோஷ்வா கையேட்டைப் புரட்டினார். கூடாது என்று எங்கேயும் இல்லை. ராஜாத்தி சூடம் காட்டினாள். யுவராணி அரிவாளோடு இறங்கினார். ஜோஷ்வா விதிப்படி ஒரு மூலையில் கை கட்டி நின்றார். பார்ப்பவர்களுக்கு அவர் பக்தியோடு நிற்பதாகத் தோன்றியது.

தார்ப்பாயில் அடித்துத் தூற்றி எடை போட்டார்கள். மாநிலத் தராசில் ஒரு முறை, மத்தியத் தராசில் ஒரு முறை. இரண்டும் ஒரே எடை காட்டின. அதுவரை நடந்திராத விஷயம் என்பதால் இருவரும் கலவரப்பட்டு இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்கள். அதே எடைதான். குறிப்புப் பகுதியில் ஜோஷ்வா, "குறிப்பிடத்தக்க பறவைச் சேதம் இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு திருப்தி" என்று எழுதினார். யார் செய்த ஏற்பாடு என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.

எடை போட்ட நெல் உரிமையாளருக்கே சேரும் என்பது விதி. முத்துராஜா வரப்பில் நின்ற எல்லாருடைய முந்தானையிலும் துண்டிலும் ஒரு கைப்பிடி போட்டார். கணக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் நாட்டின் உற்பத்தியில் இதனால் குறைவு எதுவும் ஏற்படவில்லை.

சூரியபிரகாஷ் கேட்டுக்கொண்டபடி, கயிற்றை யுவராணியே அவிழ்த்து, முளைகளைப் பிடுங்கி வரப்பில் போட்டார். சேலைகளை ராஜாத்தி மடித்துக்கொண்டாள்; சிவப்புச் சேலையை மட்டும் காணவில்லை. வயலுக்குத் தண்ணீர் திறந்தார்கள். சூரியபிரகாஷ் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை வயலில் இறக்கினான். சதுரம் இருந்த இடத்தை வலமாக மூன்று சுற்று சுற்றிவிட்டு, நான்காவது சுற்றில் அதன் மேலேயே நேராக ஓட்டினான். பொழுது சாய்வதற்குள் வயல் முழுக்கத் தொளியாகிவிட்டது.

வியாழக்கிழமை மூக்கம்மாளின் ஆட்கள் நடவில் நின்றார்கள். நாற்று கொஞ்சம் உயரம்தான், ஆனால் முற்றவில்லை. நடு இடத்தை மூக்கம்மாள் வேறு யாருக்கும் விடாமல் தானே நட்டாள். முத்துராஜா வரப்பில் உட்கார்ந்து, அந்த வாரத்தில் முதல் முறையாக, டீயைச் சூடாகக் குடித்தார்.

முந்தின நாள் வரப்பில் விட்டுப்போன முளை நான்கும் அரசுச் சொத்து என்பதால் அவற்றை எடுத்துப்போக யுவராணி வந்திருந்தார். மூக்கம்மாள் சேற்றுக் கையோடு நிமிர்ந்து, அடுத்த போகத்துக்கு யார் வயலில் என்று கேட்டாள். அது குலுக்கலில் விழுவது, தனக்கே தெரியாது என்றார் யுவராணி.

"எங்க எறங்கும்னு உங்களுக்குமே தெரியாதா?"

"தெரியாதுக்கா. டெல்லிக்கும் தெரியாது."

சாமியெல்லாம் இல்லை என்று அன்று சொன்ன ராஜாத்தியை மூக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து அடுத்த நாற்று முடியைப் பிரித்தாள்.