பிறந்த வீட்டுக் கோடி

அக்காவின் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஊத்துங்கக்கா" என்றாள் நீலாம்பாள். பக்கத்து வீட்டு ராமாயி செம்பைக் கவிழ்த்தாள். கொல்லையில், தென்னை மரத்தடியில், பலகை போட்டுத் தங்கம்மாளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் பழைய புடவைகளை மறைப்பாகப் பிடித்து நின்றார்கள். மறைப்புப் பிடிக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் வழக்கம். இன்றைக்கு ஒருத்தியும் திருப்பவில்லை. செத்தவளின் தங்கச்சி, தஞ்சாவூரில் நர்சிங் காலேஜ் டீச்சர், எங்கே தொடுகிறாள், எதைப் பார்த்துப் புருவத்தைச் சுளிக்கிறாள் என்று எல்லார் கண்ணும் அவள் கை போகிற இடமெல்லாம் போயிற்று.

மேல்கையில் விரல் பதிந்த தடம் இருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்த தடம்.

"பாத்தியா தாயி?" என்றாள் ராமாயி, உதடு அசையாமல்.

நீலாம்பாள் பார்த்தாள். அதோடு நிற்கவில்லை. இமையை விலக்கிக் கண்மணியைப் பார்த்தாள், பூச்சிமருந்து குடித்தவர்களுக்குப்போல் அது சுருங்கியிருக்கவில்லை. முகத்தைத் துடைக்கிற சாக்கில் குனிந்து வாயருகே மோந்தாள். வெற்றிலை வாசம்தான் வந்தது. நுரை கட்டிய தடயமும் இல்லை. காலுக்குச் சோப்புப் போடும்போது கெண்டைக்காலில் அமுக்கினாள், விரல் பட்ட இடம் குழியாகவே நின்றுவிட்டது. வயலில் நின்று நின்று வேலை பார்த்தவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று புடவையை இழுத்து அதை மூடினாள். மனம் திரும்பத் திரும்ப அந்தக் கைத்தடத்துக்கே போனது.

மச்சான் மருதையன் விடிந்ததும் போன் பண்ணி, "அக்கா போய்ட்டா நீலா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். எப்படி, எதனால், ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவளை உறுத்தியது. உடனே ராமாயிக்குப் போன் போட்டுப் படபடப்பில் ஏதேதோ கேட்டாள். மன்னார்குடி பஸ்ஸில் உட்கார்ந்தபோது என்ன கேட்டோம் என்பதே நினைவில்லை. கோடிப் புடவையை மட்டும் மறக்காமல் வழியில் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கோடிதான் இப்போது எல்லாம். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டார் வந்து முகம் பார்த்து, புதுப்புடவை போர்த்தினால்தான் பாடை எழும்பும். அவர்கள் கோடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், 'எங்கள் பெண் எப்படிச் செத்தாள், பதில் சொல்' என்று அர்த்தம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நீலாம்பாளும் சித்தப்பா மகன் வீரையனும்தான். வீரையன் பந்தலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வார்த்த சொல்லு நீலா. ஸ்டேஷனுக்குப் போன் போட்டுர்றேன். பெரியாஸ்பத்திரில அறுத்துப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது" என்றான்.

"இருண்ணே. கொஞ்சம் விசாரிச்சுக்கிறேன்."

"இன்னும் என்னத்த விசாரிக்கிறது? ஊரே சொல்லுது, மருந்து குடுத்துட்டான்னு."

ஊர் சொல்வதற்குக் காரணமும் இருந்தது. நில உச்சவரம்புச் சண்டையில் கொடி பிடித்து, அடிபட்டு, அப்பா வாங்கிய நிலம் அக்கா பெயரில் இருந்தது. எரிவாயுக் கிணறு தோண்ட இடம் கேட்டு ஒரு கம்பெனி ஆட்கள் ஊருக்குள் வளைய வந்துகொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டுக் கடையோ கிடையோ வைக்கலாம் என்றான் மருதையன். நான் கட்டையில் போகிறவரை கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள் தங்கம்மாள். அந்தச் சண்டை தெரு முழுக்கத் தெரியும். இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு மாலையோடு வந்து, போட்டுவிட்டு, இழவு கேட்கிற பாவனையில் அந்த நிலத்தைப் பற்றித்தான் கேட்டுவிட்டுப் போனார்கள்.

நீலாம்பாள் விசாரிப்பதில் தேர்ந்தவள் என்று அவளுக்கே ஒரு எண்ணம். நோயாளியிடம் எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்பதை மாணவிகளுக்குக் கற்றுத்தருவது பற்றித்தான் அவள் பிஎச்டி பண்ணிக்கொண்டிருந்தாள். அடுப்படி வேலை முடித்து, மகனைத் தூங்கப்போட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே கட்டுரைகளாகப் படித்தாள். ஆனால் அந்தப் பொருளில் முன்னால் யார் யார் என்னென்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தேடித் திரட்டி, எடைபோட்டு எழுதுகிற முதல் அத்தியாயத்திலேயே அவள் கைடு அவளை மடக்கிப் போட்டாள். கைடு அவளைவிட வயதில் சின்னவள். அது வேறு எரிச்சல்.

மாணவிகள் நோயாளிபோல் நடித்துப் பழகினால் கேட்கும் திறமை கூடும் என்று எழுதி, ஆதாரமாக ஒரு வண்டிக் கட்டுரைகளை அடுக்கியிருந்தாள் நீலாம்பாள்.

"இத்தன பேர் சொல்றாங்க சரி மேடம். மொதல்ல சொன்னது யாருன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள் கைடு.

ஒரு மத்தியானம் முழுக்க இருவரும் உட்கார்ந்து, இவர் யாரைச் சொல்கிறார், அவர் யாரைச் சொல்கிறார் என்று பின்னாலேயே போனார்கள். அத்தனையும் போய் ஒரே ஒரு கட்டுரையில் முட்டி நின்றது. அந்த ஆளோ எதையும் நிரூபிக்கவில்லை. 'இது உதவுமோ, யாராவது பார்த்தால் தேவலை' என்று கடைசி வரியில் ஒரு கேள்விதான் போட்டிருந்தார். கேள்வியாகக் கிளம்பியது கைமாறிக் கைமாறிப் பதிலாகிவிட்டிருந்தது.

அதோடு விடவில்லை கைடு. ஒத்துவராத ஒரு கட்டுரையைச் 'சின்ன ஆய்வு' என்று நீலாம்பாள் தள்ளியிருந்ததைக் காட்டி, "ஒங்களுக்குப் புடிச்ச பேப்பரும் சின்னதுதானே மேடம்? அதை மட்டும் ஏன் உள்ள வெச்சீங்க?" என்றாள். நீலாம்பாள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை.

இங்கே ஆதாரத்துக்கு என்ன பஞ்சம்? வந்ததிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டீக்கடையில் சொன்னார்கள், வாசலில் சொன்னார்கள், மறைப்புப் பிடித்தவர்களும் சொன்னார்கள். கொட்டிலோரம் தனியாகக் குந்தியிருந்த மருதையனைத்தான் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது, செய்தவன் செய்தேன் என்றா சொல்வான் என்று வந்த உடனேயே அவனைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டாள்.

அக்காவுக்குப் பொட்டு வைத்து வாசலுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது செம்மலர் வந்து சேர்ந்தாள். அக்காவின் ஒரே மகள், திருவாரூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். அம்மாவின்மேல் விழுந்து அழுதாள். அப்பா எழுந்து கிட்டே வந்ததும் சட்டென்று நகர்ந்து, சித்தியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மருதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

"சித்தி, அம்மாவுக்கு அப்பா மருந்து குடுத்துட்டாராமே?"

"ஒனக்கு யாருடி சொன்னா?"

"பஸ்ஸ விட்டு எறங்குனதும் சைக்கிள் கட செல்லதுரை மாமா சொல்லிச்சு."

யார் முதலில் சொன்னது என்று அப்போதுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. செல்லதுரையின் பெண்டாட்டி காத்தாயி, சற்று முன் மறைப்புப் பிடித்தவள், அங்கேயேதான் நின்றாள். அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க பாத்தீங்களா அண்ணி? மருந்து டப்பா கெடந்துச்சா, வாட அடிச்சுதா?"

"நான் எங்க பாத்தேன்? ராமாயி அக்காதான் சொல்லிச்சு. அதுதான் பக்கத்து வீடு. தெரியாமயா சொல்லும்?"

வாசலில் சொன்னவளைப் போய்க் கேட்டாள். அவளும் ராமாயி என்றாள். டீக்கடைக்காரருக்குக் காத்தாயி சொன்னதாம். ராமாயி கொல்லையில் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மருந்துன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

ராமாயி நிமிர்ந்து அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"என்ன தாயி இப்புடிக் கேக்குற? நீதான் சொன்ன."

"நானா?"

"காலைல போன்ல கேட்டல்ல? வாயில மருந்து வாட அடிக்குதா பாருங்கக்கா, மச்சான் அப்ப எங்க இருந்தாருன்னு. நான் கிட்டப் போயி மோந்துகூட பாக்கல. படிச்ச புள்ள, நர்சு, வெவரம் தெரியாமயா கேக்கும்னு நெனச்சிக்கிட்டேன்."

"கேக்கத்தானக்கா செஞ்சேன்?"

"நீ கேட்டா சொன்ன மாதிரிதான?" என்றாள் ராமாயி. அவள் குரலில் ஒரு சூதும் இல்லை. நீலாம்பாளுக்கு வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. காலையிலிருந்து பிடி பிடியாகச் சேர்த்ததெல்லாம் அவள் வாயிலிருந்து போனதுதான். கண்ணால் பார்த்ததை, மூக்கால் மோந்ததை, விரலால் அமுக்கியதைத்தான் அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கொட்டிலுக்குப் போனாள்.

"மச்சான், காலைல என்ன நடந்துச்சு?"

மருதையன் தலையை நிமிர்த்தாமல் வைக்கோலைக் கிள்ளிக்கொண்டிருந்தான். "இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"கருக்கல்லயே மடைய தொறந்து விட்டுட்டு வர்றேன்னு வயலுக்குப் போனா. திரும்பி வந்தவ மூச்சு முட்டுதுங்க, வெந்நி வையுங்கன்னா. வெச்சிட்டு வர்றதுக்குள்ள அப்படியே சரியிறா. ஓடியாந்து கையப் புடிச்சேன். நல்லா இறுக்கித்தான் புடிச்சேன். நூத்தியெட்டுக்காரன் வந்து பாத்துட்டு, முடிஞ்சு போச்சுன்னுட்டான்."

"காலு எப்பலேர்ந்து வீங்கியிருந்துச்சு?"

"நடவு ஆரம்பிச்சதுலேர்ந்து. படுத்தா மூச்சு வரலன்னு சாஞ்சு உக்காந்தேதான் தூங்குவா. ஒங்கிட்ட சொல்லுடின்னேன். அவ பெரிய படிப்பு படிச்சிக்கிட்டிருக்கா, சும்மா இருங்கன்னா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நெலத்துக்காவ சண்ட போட்டோம். நேத்தும்தான் போட்டோம். அத நான் இல்லேங்கல" என்றான்.

இந்த அறிகுறிகளை வகுப்பில் ஒரு முதல் வருஷப் பெண் சொல்லியிருந்தால்கூட 'இருதயம்' என்று உடனே பெயர் சொல்லியிருப்பாள் நீலாம்பாள். சண்டையைப் பற்றி இன்னும் ஒரு முள் உள்ளே குத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்தக் கால், அந்த மூச்சு, சுருங்காத கண்மணி மூன்றும் சேர்ந்து ஒன்றைத்தான் சொல்லின.

பந்தலுக்கு வந்து பையிலிருந்து கோடியை எடுத்தாள். வீரையன் எழுந்துவிட்டான்.

"போன் போடவா?"

"வேணாம்ண்ணே. அக்காவுக்கு நெஞ்சுதான். நான் பாத்துட்டேன்."

"அந்தாளுகூடப் போயி பேசிட்டு வந்ததும் மாறிட்ட? என்ன சொன்னான் ஒங்கிட்ட?"

அவள் புடவையைப் பிரித்து அக்காவின்மேல் போர்த்தினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. நெஞ்சுல நீர் கோத்து எறந்திருக்கு. காலைல நான்தான் தெரியாம கேட்டேன்" என்றாள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தி, "கொட்டிலுக்குப் போயி பேசி முடிச்சிட்டாங்க" என்றாள். "நெலத்துல பங்கு பேசியிருப்பாங்க" என்றாள் இன்னொருத்தி. காலையில் போனில் கேட்ட கேள்வி பஸ் நிறுத்தம்வரை போயிருந்தது. இப்போது கத்திச் சொன்ன பதில் பந்தல்காலைத் தாண்டவில்லை.

செம்மலரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அது பொய்டி. நான் கேட்டதத்தான் எல்லாரும் சுத்திவிட்டுட்டாங்க" என்றாள்.

செம்மலர் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்படி இருக்கும்னு தோணாமயா சித்தி கேட்டீங்க?"

நீலாம்பாள் பிடித்திருந்த கையை விட்டாள்.

வாய்க்கரிசி போட்டார்கள். பறை முழங்கப் பாடை தெருமுனை திரும்பியது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். காடு சேர்த்துவிட்டு, வாய்க்காலில் முழுகி, ஈர வேட்டியோடு மருதையன் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அடுப்பு மூட்டாத வீடு என்பதால் ராமாயி தன் வீட்டிலிருந்து டீ போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மருதையன் ஒரு டம்ளரில் ஊற்றி, ஆற்றி, மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எடுத்துப்போனான்.

"காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீ. இந்தா."

செம்மலர் வாங்கிக்கொண்டாள். வாய்க்குக் கொண்டுபோகுமுன் டம்ளரை மூக்கருகே நிறுத்தி மோந்து பார்த்தாள்.

கதவோரம் நின்ற நீலாம்பாள் அதைப் பார்த்தாள். மருதையனும் பார்த்தான். அவன் மகள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடியும் அவளிடம் நீட்டினான்.